துண்டுச் சீட்டிலிருந்து காணிப் பத்திரம் வரை: வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ ஒரு வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பிறப்புச் சான்றிதழ்களை வயது வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பாட்டியுடையதில் பதுளைப் பக்கமோ நாவலப்பிட்டிப் பக்கமோ ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர் இருக்கும். மகளுடையதில் கிளிநொச்சி. பேரப்பிள்ளை 2009இன் பிற்பகுதியில் பிறந்திருந்தால், போர் முடிவில் மக்களை வைத்த முகாம் இருந்த செட்டிகுளம் என்றிருக்கக்கூடும். பாட்டியின் தகப்பன் பிறந்த ஊருக்கு மட்டும் கடதாசி இராது. திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் என்ற வாய்ச்சொல்தான் மிச்சம்.

ஒரு நாட்டுக்குள் புதிதாக வருவதும், வந்த நாட்டுக்குள் மறுபடி மறுபடி இடம் மாறுவதும் ஒரே குடும்பத்தில் எப்படி நிகழ்கின்றன என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இலங்கையின் வடக்குப் பெருநிலமான வன்னிக்கு வந்த இந்தக் குடும்பங்களின் பாதையை ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கும்போது மூன்று விடயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எப்போது கிளம்புவது என்பதைப் பசியோ அடியோ தீர்க்கிறது. எங்கே போவது என்பதை அங்கே ஏற்கெனவே இருக்கும் தெரிந்த ஆள் தீர்க்கிறார். போன இடத்தில் நிலைப்பதா, மறுபடி மூட்டை கட்டுவதா என்பதைக் கடதாசியும் தண்ணீரும் தீர்க்கின்றன. குடிபெயர்வு பற்றிய பேச்சில் முதலாவது காரணத்தோடு நின்றுவிடுகிறோம். மூன்றாவதைக் கவனியாமல் விட்டதால்தான் வன்னியில் இன்னும் தீராத சிக்கல்கள் கிடக்கின்றன.

கண்டிச் சீமைக்கு

1820களிலும் 30களிலும் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சொந்த நிலம் இல்லாமை, பண்ணையாளிடம் பட்ட கடன், சாதிக் கொடுமை, அவற்றுக்கு மேலே பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது வந்தோர் தொகை கூடியது.

வந்த வழி வன்னியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு 130 மைலுக்கு மேல் கால்நடை. முதற்பாதி காடும் வறண்ட நிலமும். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடத் தொடங்குவதற்குள் இந்த நடை முடிவுக்கு வந்திருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது பயிரின் இயல்பு. கோப்பிப் பழம் பறிப்பு ஆண்டில் சில மாதங்கள்தான். ஆண்கள் வருவார்கள், பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும், வாரம் தவறாமல் கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும், பிள்ளைகளும் கூடவே வர வேண்டும். பருவத்துக்கு வந்துபோன ஆள் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியேறியது இதனால்தான். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து வன்னியில் மிளகாய் இதே வேலையைச் செய்தது. அதைக் கீழே பார்ப்போம்.

ஆள் சேர்த்தவர் கங்காணி. ஊரிலேயே முற்பணம் கொடுப்பார். கப்பற்செலவு, வழிச்சாப்பாடு, கம்பளி எல்லாம் அந்தக் கடனில் ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர் இந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. நாட்டுக்குள் நகர்வதற்கு இவர்கள் கையில் இருந்த முதல் கடதாசி கடன் கடதாசிதான். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் இலங்கைக்குப் போவதை 1939இல் இந்தியா தடுத்தது.

பிறகு குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, தான் இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பனும், அல்லது அவருக்கு மேற்பட்ட தலைமுறைகளும் இங்கே பிறந்ததை எழுத்தில் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தகப்பனுக்கு அந்த எழுத்து எங்கே இருக்கும்? பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழுந்தோம் என்று தெரியாமல், அல்லது இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்த பல குடும்பங்கள்தான் வன்னிக்கு வந்தவை.

ஏன் வன்னி?

மலையகத்திலிருந்து கிளம்புவதற்கான காரணங்கள் 1970களில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கலைத்துப் போட்டன. சில இடங்களில் வேலைநாள் குறைந்தது, சில இடங்களில் லயத்திலிருந்தே வெளியேற்றினார்கள். 1973–74இல் உணவுத் தட்டுப்பாடு. கிராமத்து ஏழைக்கு வளவில் ஒரு பலாமரமாவது நிற்கும், மரவள்ளி இருக்கும்; லயத்துக் குடும்பத்துக்கு மாவும் கூப்பன் அரிசியும் நின்றால் எல்லாமே நின்றது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 ஆகஸ்டில் இன வன்செயல் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. 1981இலும் 1983இலும் திரும்ப வந்தது.

இவ்வளவும் ‘ஏன் போனார்கள்’ என்பதைச் சொல்லும். ஏன் வன்னிக்குப் போனார்கள் என்பதற்கு விடை வன்னிக்குள் இருக்கிறது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியைப் பகிர்ந்து குடியேற்றும் வழியைத் திறந்தது. இரணைமடுக் குளத்தின் கீழ், 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் பரப்புக்கு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றவாசிகள் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு தள்ளுதல் இருந்தது: சீதனமாகப் பிரிந்து பிரிந்து, பரப்பு என்ற சிறு அளவில் எண்ணும்படி சுருங்கிப்போன காணி. ஆனாலும் மலேரியாவுக்குப் பயந்து வர மறுத்தவர்கள் ஏராளம். 1940களின் நடுவில் டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்து தெளிக்கத் தொடங்கிய பிறகே காட்டோரக் குடியிருப்பு தாக்குப்பிடித்தது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று திட்டங்கள் விரிந்தன. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர்களுக்கு மேட்டுக்காணி கொடுத்தார்கள்.

1970 முதல் 1977 வரை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் செத்தல் மிளகாய் விலை ஏறியது. மேட்டுக்காணிக்காரர் கையில் காசு புரண்டது. மிளகாய் ஆள் தின்னும் பயிர். நாற்று மேடையில் ஒரு மாதம், பிறகு இரண்டடி வரிசையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுகை, களை எடுப்பு, இறைப்பு, மருந்தடிப்பு. நட்டு இரண்டரை மாதமளவில் பழம் தொடங்கினால் பத்து நாளுக்கு ஒருமுறை பல தடவை பறிக்க வேண்டும். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ செத்தல். பழம் பழுத்த நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் செடியிலேயே அழுகும், மழை பட்டால் காயப் போட்டதும் பூஞ்சணம் பிடிக்கும். குடும்பத்து ஆட்களால் முடியாத வேலை இது. கொழுந்து கிள்ளிப் பழகிய கைகளுக்கு அங்கே இடம் இருந்தது.

அப்படித்தான் முதல் ஆட்கள் வந்தார்கள், பருவத்துக்கு மட்டும். கண்டிப் பக்கமிருந்து பொல்கஹவலைக்கு வந்து வடக்கு ரயிலில் ஏறினால் வவுனியா, பிறகு கிளிநொச்சி. போக்குவரத்து அவ்வளவு நேரானது. முதலில் வந்தவர் அடுத்த பருவத்துக்கு மைத்துனரைக் கூட்டி வந்தார். 1977இல் லயம் எரிந்தபோது, எங்கே ஓடுவது என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே ஒரு மிளகாய்த் தோட்டக் கொட்டிலில் குடியிருந்தது. வன்னியில் தமிழர் பெரும்பான்மை, பேசும் மொழி ஒன்று, காடு கிடக்கிறது என்பவையும் சேர்ந்துகொண்டன. பாதுகாப்புக் காரணம் மட்டும் என்றால் யாழ்ப்பாண நகரமே போதுமாக இருந்திருக்கும். ஆனால் அங்கே கொட்டில் போட ஒரு பரப்புக் காணியும் சும்மா கிடக்கவில்லை.

ஒழுங்குபடுத்திய உதவியும் வந்தது. கட்டடக்கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாவை மையமாகக் கொண்டு அகதிக் குடும்பங்களைக் குடியேற்றியது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள்; இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். முல்லைத்தீவின் தெற்கெல்லையில் கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிறைக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். நவம்பர் 30இல் நடந்த தாக்குதலில் அவர்களில் பலர் கொல்லப்பட்டனர். ஏழு ஆண்டுக்குள் ஒரே நிலத்தில் இரண்டு கூட்டம் மனிதர்கள் இழந்து நின்ற இடம் அது.

முதல் ஆண்டு

காட்டில் இறங்கிய குடும்பம் முதல் ஆண்டைத் தாண்டுமா என்பது பருவத்தைப் பிடிப்பதில் இருந்தது. ஆடி, ஆவணியில் பற்றை வெட்டிக் காயவிட்டு, புரட்டாசி முடிவதற்குள் எரித்து, ஐப்பசி மழைக்கு விதை போட வேண்டும். குரக்கன், சோளம், பயறு, உழுந்து, கச்சான் என்று கலந்து போடுவார்கள். ஒன்று தவறினால் ஒன்று சோறு போடும். 1977 ஆகஸ்டில் அடிபட்டு வந்தவர்கள் இந்தக் கணக்கில் ஏற்கெனவே பிந்திவிட்டார்கள். வெட்டிய பற்றை காயுமுன் மழை வந்தது. அந்த மாரி முழுவதும் கூலி வேலையை நம்பியே கழிந்தது.

அடுத்தது கிணறு. குடாநாட்டுச் சுண்ணக்கல்லில் வெட்டிய கிணறு போல வன்னியில் ஊறாது. இங்கே மேலே உக்கிய மண், கீழே கருங்கற் பாறை. பதினைந்து முதல் இருபத்தைந்து அடிக்குள் கிடைக்கும் நீர்தான் கணக்கு. பாறை முட்டினால் வெடி வைக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். ஆடி ஆவணியில் ஊற்று அடங்கும். ஆகவே முதலில் வந்தவர்கள் குளத்துக்குக் கீழே, வாய்க்காலுக்கு அருகே குந்தினார்கள். அங்கே வெட்டிய கிணறு வற்றுவதில்லை. ஆனால் குளத்து ஒதுக்கும் வாய்க்கால் ஒதுக்கும் எவருக்கும் பத்திரம் எழுத முடியாத காணி. தண்ணீர் உள்ள இடத்தில் கடதாசி இல்லை, கடதாசி கிடைக்கக்கூடிய இடத்தில் தண்ணீர் இல்லை. வன்னிக் குடியேற்றத்தின் பாதிச் சிக்கல் இந்த ஒரு முரணில் அடங்கும்.

மாரி முடிய மலேரியா. மலைக்குளிரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காய்ச்சல் பழக்கமில்லை. மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்கொருவர் படுப்பார். (2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது, இன்றைய தலைமுறைக்கு அந்தப் பயமே தெரியாது.) யானைத் தொல்லை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, மிளகாய் விலை சரிந்தது. முதலாளி செலவைக் குறைத்தார், கூலிநாள் குறைந்தது. எந்தப் பயிர் இவர்களைக் கூப்பிட்டதோ அது கைவிட்ட நேரத்தில்தான் மிகப் பெரிய கூட்டம் வந்து சேர்ந்தது.

யாருடைய காணி?

இவர்கள் இருந்த காணிகள் சட்டத்தின் முன் ஒரே மாதிரியானவை அல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘காணியில்லாப் பிரச்சினை’ என்று பொதுவாகப் பேசுவதால் தீர்வும் பொதுவாகவே போய்விடுகிறது.

முதல் வகை, காடு வெட்டிப் பிடித்த அரச காணி. சட்டப்படி இது அத்துமீறிய குடியிருப்பு. ஆனால் நெடுங்காலம் இருந்து பயிர் செய்ததைக் காட்டினால் பிரதேச செயலாளர் ஊடாக முறைப்படுத்த வழி உண்டு. கிராம உத்தியோகத்தரின் வதிவுக் கடிதம், பிரதேச செயலகத்தில் விண்ணப்பம், குடியேற்ற உத்தியோகத்தரின் களப்பார்வை, காணிக் கச்சேரி எனப்படும் காணி விசாரணை, அனுமதிப் பத்திரம், காணியைத் திருத்திய பிறகு அளிப்புப் பத்திரம் என்று படிகள். இந்த வழியின் முதற்படியிலேயே மலையகக் குடும்பங்கள் தடுக்கி விழுந்தன: குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி இல்லை. குடாநாட்டிலிருந்து அதே ஆண்டில் வந்த குடும்பம் அனுமதிப் பத்திரத்தோடு வயலுக்கு உரிமை பெற்றது. மலையகத்திலிருந்து வந்த குடும்பம் அந்த வயலில் கூலியாக நின்றது. உழைப்பில் எந்த வேறுபாடும் இல்லை. அந்தப் பூட்டு முழுமையாகத் திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் அது குடியுரிமை தந்தது. அதற்குள் நல்ல காணிகள் பங்கிட்டு முடிந்திருந்தன.

இரண்டாவது, ஒதுக்குக் காணி. குளத்து அலைகரை, வாய்க்கால் ஒதுக்கு, காட்டுத் திணைக்கள எல்லை. எத்தனை ஆண்டு இருந்தாலும் பத்திரம் எழுத முடியாது. மாற்றுக் காணி கேட்பதே வழி.

மூன்றாவதுதான் மிகவும் வேதனையானது. காணி உறுதியை வைத்திருக்கும் உரிமையாளர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, அவருடைய மேட்டுக்காணியில் காவலுக்கும் வேலைக்கும் இருத்தப்பட்ட குடும்பங்கள். தென்னை வைத்து, கிணறு வெட்டி, பிள்ளைகளுக்கும் கொட்டில் போட்டு இருபது முப்பது ஆண்டு ஆகியிருக்கும். பத்து ஆண்டு தடையின்றி ஆட்சி செய்தால் காணி தமக்காகும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையல்ல. உரிமையாளரின் அனுமதியோடு நுழைந்தவர், அந்த அனுமதியை மறுத்துத் தனக்கென ஆளத் தொடங்கிய நாளை வெளிப்படையாக நிரூபிக்காத வரை ஆட்சியுரிமை கோர முடியாது. அதற்கு மேல், போரினால் தன் காணிக்கு வரமுடியாதிருந்த உரிமையாளர்களைப் பாதுகாக்க 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. துரத்தப்பட்ட உரிமையாளருக்கு அது நியாயம்தான். அதே காணியில் இரண்டு தலைமுறை வியர்வை சிந்தியவருக்கு என்ன நியாயம் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. இங்கே நீதிமன்றத்தைவிட, பிரதேச செயலகத்தில் உரிமையாளரையும் இருப்பவரையும் அழைத்து, அரைக்கால் ஏக்கரையாவது எழுதி வாங்கும் இணக்கமே நடைமுறையில் பயன் தரும்.

போர் இந்தச் சிக்கலை இறுக்கியது. 1995 அக்டோபர் 30இல் இடம்பெயர்ந்த குடாநாட்டு மக்கள் பிறகு பெருந்தொகையாக வன்னிக்கு வந்தபோது கொட்டிலுக்கு இடம் கொடுத்தவர்களில் இவர்களும் அடக்கம். 1996இல் கிளிநொச்சி நகரத்தைவிட்டு அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எல்லோரும் ஓடினார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பண்ணை. அந்த முகாம் 2012 செப்டம்பர் வரை இருந்தது. கோப்பிக் காலத்தில் மூதாதையர் நடந்த மன்னார்–மதவாச்சி வழி அந்த முகாமுக்குப் பக்கத்தால்தான் போகிறது. திரும்பி வந்தபோது இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தது: அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடிய அடுத்த பங்கு. ஆனால் வீடு கட்டக் காணி காட்ட வேண்டும். பிறர் காணியில் இருந்தவர்கள் தற்காலிகக் கொட்டிலிலேயே தங்கிப் போனார்கள்.

மறுபடியும் கடல்

காணி உறுதியாகாத வீட்டிலிருந்து அடுத்த தலைமுறை கிளம்புவது வியப்பல்ல. 1980களிலிருந்து தோணியில் இராமேசுவரம் போனவர்களை வைத்த மண்டபம் முகாம், ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த அதே இடம். பாட்டன் புறப்பட்ட வாசலில் பேரன் அகதியாகப் பதிவானான்.

இன்றைய போக்கு மத்திய கிழக்கு. நுண்கடனின் வாரத் தவணை, கூட்டுப் பிணை, அடுத்த கடனால் முந்திய கடனைக் கட்டுவது, கடைசியில் வீட்டுப் பெண் குவைத்துக்கோ கட்டாருக்கோ போவது. 2013இல் சிறு பிள்ளையுள்ள தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானபோது, பலரை முகவர்கள் சுற்றுலா விசாவில் அனுப்பினார்கள். அப்படிப் போனவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியப்படாதவர். காப்புறுதி இல்லை, சம்பளம் நிறுத்தப்பட்டால் தூதரகத்தில் எழுத்தில்லை. பழைய கங்காணியின் முற்பணமும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கையில் காசைத் திணித்து, திரும்பும் வழியைக் கடனால் அடைக்கின்றன. போகிறவர் முகவரின் அனுமதிப் பத்திர இலக்கத்தையும், தொழில் ஒப்பந்தத்தையும், பணியகப் பதிவையும் விமானச்சீட்டு எடுக்குமுன் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் படியெடுத்து வீட்டில் வைக்க வேண்டும்.

வீட்டில் இன்னும் சில கடதாசிகள் வேண்டும். தோட்டத்தில் பிறந்து பதிவு கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். அது இருந்தால் அடையாள அட்டை, அது இருந்தால் காணி விண்ணப்பம். பெயர் ‘முத்துசாமி’ என்று ஒன்றிலும் ‘முத்துச்சாமி’ என்று இன்னொன்றிலும் இருப்பதால் நின்றுபோகும் கோப்புகள் பல; இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியை முதலிலேயே இணைப்பது நல்லது. அனுமதிப் பத்திரம் கிடைத்த குடும்பம் பின்னுரித்தாளரை, அதாவது காணிக்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, உடனே பெயரிட்டுப் பதிய வேண்டும். பெயரிடாவிட்டால் மூத்த மகனுக்கே முன்னுரிமை என்றிருந்த பழைய வரிசை 2022இன் திருத்தத்தோடு பெண் பிள்ளைகளுக்கும் சமமாயிற்று; ஆனாலும் பதியாத குடும்பத்தில் சண்டை நிற்பதில்லை. காணிக்காரர் இறந்தால் பெயரிடப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். பெயரிடப்பட்ட மகன் கட்டாரில் ஒப்பந்தம் முடியாமல் இருந்தால் அந்த ஆறு மாதம் அங்கேயே கழிந்துவிடும். ஆகவே பின்னுரித்தாளராக, ஊரில் இருக்கும் பிள்ளையின் பெயரைப் போடுங்கள்.